பாஸ் சோலோவில் பேசுகிறவர்கள்

கொண்டல்துறை ஹார்பர் கிளப்பில் ஞாயிறு தவறாமல் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஜாஸ் தொடங்கும். ட்ரம்பெட் மொராயிஸ் ஒரு சுற்று தனியாக ஊதி, அவருக்குக் கை தட்டி, பிறகு சாக்ஸபோன், பிறகு பியானோ, அவர்களுக்கும் கை தட்டி, கடைசியில் இஞ்ஞாசி கொரேராவின் முறை வந்து மற்ற நாலு பேரும் ஒதுங்கி நின்றதும், அதுவரை வாய் திறக்காமல் இருந்த சபை மொத்தமும் பேச ஆரம்பித்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆளுயரத்துக்கு நிற்கிற அந்த டபுள் பாஸை இஞ்ஞாசி கட்டிப்பிடித்துக்கொண்டு விரலால் சுண்டும்போது வருகிற ஒலி, கரையில் நிற்கிறவனுக்குத் தூரத்து லாஞ்சியின் இன்ஜின் கேட்கிற மாதிரி அடங்கி வரும், அப்படி அடங்கின சத்தத்தைக் கேட்டால் மனுஷனுக்குத் தனக்கும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றிவிடும், உடனே பேசுவான்.

"வே இஞ்ஞாசி, நீரு வாசிக்க ஆரம்பிச்சாத்தான் எந்த மேசையில என்ன மீனு வெட்டுதாவன்னே எனக்குத் தெரியுது" என்பான் ட்ரம்ஸ் காதர். இஞ்ஞாசி சிரித்துக்கொள்வான். இருபத்து நாலு வருஷமாக அவன் சோலோவை யாரும் கேட்டதில்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. தப்பாக ஒரு நோட் விழுந்தாலும் அது வறுவல் வாசனையோடு கலந்து போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப் ஓட்டின் மேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் க்ளார்க் இசக்கியப்பன் பாஸ் சோலோ தொடங்கின கையோடு பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் சொன்னார்: "எங்க பிச்சையா இருக்கானே, என் தம்பி, அம்மா செத்து பதினாறு முடியல வே, வீட்டை விட்டு வெளிய போன்னு சொல்லிட்டான்." சொல்லச் சொல்ல அழுதார். சோலோ முடிந்தது. மற்ற நாலு பேரும் உள்ளே நுழைந்து பாட்டைத் தூக்கிக்கொண்டார்கள்.

"பொறவு தம்பிகிட்ட நீரு என்ன சொன்னீரு?" என்று சிநேகிதன் கேட்டான்.

"எந்தத் தம்பி?"

"பிச்சையா."

"யாரு வே அது? எனக்கு ஏது தம்பி? நான் ஒத்தைக்கு ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு, மூட்டையை இறக்கி வைத்தவன் முகத்தோடு, இசக்கியப்பன் இன்னொரு தட்டு நெத்திலி வறுவல் கேட்டார்.

அன்றைக்கு வாசிப்பு முடிந்து, இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாகத் தூக்கி வேனில் ஏற்றிய பாஸை இஞ்ஞாசியால் தூக்க முடியவில்லை. காதர் வந்து ஒரு பக்கம் பிடித்தான். "உள்ள என்ன வே, கருவாடா அடைச்சிருக்கீரு?" என்றான். வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, வாத்தியத்தின் முகத்தில் இருக்கிற நெளிந்த ஓட்டையில் இஞ்ஞாசி காதை வைத்துப் பார்த்தான். உள்ளே இசக்கியப்பனின் குரல், அம்மா செத்து பதினாறு முடியல வே, அம்மா செத்து பதினாறு முடியல வே என்று, மழைத்தண்ணீர் பானையில் சொட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தது.

கொண்டல்துறைக்காரர்கள் எதற்கும் அதிசயப்பட்டு நேரத்தைப் போக்குகிறவர்கள் இல்லை. கடலில் ஐஸ்மலை மிதந்து வந்தால் மீனுக்குப் போட உடைத்து எடுத்துப் போகிற ஜனம். அடுத்த ஞாயிறு கிளப்பில் நாற்காலி போதவில்லை; அதற்கடுத்த ஞாயிறு வராந்தாவில் பெஞ்சு போட்டார்கள். ஷூ போடாமல் உள்ளே வரக்கூடாது என்று எழுபது வருஷமாகச் சட்டம் வைத்திருந்த கிளப், உப்பளத்துப் பெண்கள் வெடித்த குதிகாலோடு வாசலில் வந்து நின்றபோது, செகரெட்டரி ஆழ்வாரப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, சரி, காலைக் கழுவிட்டு வாங்கம்மா" என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தோடு சட்டத்தை மாற்றிக்கொண்டது. இந்த ஆழ்வாரப்பனே நாலாம் ஞாயிறு தூணுக்குப் பின்னால் நின்று தன் முதல் மனைவியைப் பற்றிப் பேசிவிட்டு, அதற்குப் பிறகு தனக்கு ஒரே கல்யாணம்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முறையும் ஒழுங்கும் தானாக ஏற்பட்டன. பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். மாதாவுக்கு ஜெபமாலை சொல்லுகிற மாதிரி அந்த இரைச்சல் ஏறி இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, முதலில் வாயில் வருகிற பேர் யாருடையதோ அந்த ஆள் சொன்னவர் நினைவிலிருந்து முழுசாகப் போய்விடுவார், நல்லது கெட்டது பிரிக்க முடியாது; அதனால் பேரைப் பார்த்துச் சொல்லணும் என்று பெரியவர்கள் வாசலிலேயே எச்சரித்து அனுப்பினார்கள். மாமியாரைச் சொல்லப் போய்த் தவறுதலாக "எங்க வீட்டுக்காரரோட அம்மா" என்று தொடங்கின ஒருத்தி, வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டு மாமியாரோடு வீடு திரும்பினாள். இருவரும் இப்போது ஒற்றுமையாக இருப்பதாகக் கேள்வி. கோவிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுகிற வரிசை குறைந்து போய்விட்டதென்று பங்குச் சாமியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் வைதார். அன்று சாயங்காலமே கட்டம் போட்ட சட்டையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மொராயிஸுக்குத்தான் பொறுக்கவில்லை. குழுவின் தலைவர் அவர். தன் ட்ரம்பெட் சோலோவின்போது ஜனங்கள் மணி பார்ப்பதைக் கண்டுவிட்டு, "முப்பது வருஷம் உதடு கிழிய ஊதுனவன் நான், இப்ப நான் ஊதுறது இவன் கடைக்குச் சங்கு" என்றார். ஆனாலும் இஞ்ஞாசியின் சோலோவை முப்பத்திரண்டு தாளச் சுற்றிலிருந்து அறுபத்து நாலாக்கி, பிறகு கால் மணி நேரமாக்கியதும் அவர்தான். ஜனம் அடிக்க வந்துவிடும் போலிருந்தது.

ஊர் லேசாகிப் போனது. சந்தையில் சிரிப்பு அதிகமானது, மருந்துக்கடையில் தூக்க மாத்திரை தேங்கியது, கோர்ட்டில் வாதி எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பிரதிவாதியோடு டீ குடித்துவிட்டுப் போனான். அதோடு இன்னொன்றும் நடந்தது. வீட்டுச் சுவர்களில் மாலை போட்ட படங்கள் இருந்தன, இது யாரு என்று பிள்ளைகள் கேட்டால் தாய்மார்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. புயலில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்த மரியபுஷ்பம், கொடியில் காய்கிற ஆம்பிளைச் சட்டையை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம், "காத்துல பறந்து வந்திட்டு போலுக்கு, யாரு சட்டை இது?" என்று கேட்டுக்கொண்டு போனாள். அவள் எதிரே வந்தபோது இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சட்டைக்காரன் பேர் செல்லத்துரை. இடது கையில் நண்டு கடித்த தழும்பு. சாகிறதுக்கு முந்தின நாள் மரியபுஷ்பத்துக்குக் கொலுசு வாங்கித் தருவதாகச் சொன்னான். இவ்வளவும் இஞ்ஞாசிக்குத் தெரியும். ஒரு தடவைகூட செல்லத்துரையைப் பார்த்ததில்லை.

ஏனென்றால் எல்லாம் அவன் நெஞ்சு வழியாகத்தான் உள்ளே போயிற்று. பாஸின் முதுகு அவன் மார்பில் சாய்ந்திருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் மரத்தில் இறங்கும்போது அவன் விலா எலும்பில் தட்டிவிட்டு இறங்கும். மற்றவர்களுக்கு இரைச்சலாகக் கேட்டது அவனுக்குத் தனித்தனியாகக் கேட்டது. வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டு போவது எப்போதோ நின்றுவிட்டது. ஹார்பர் லோடுமேன்கள் எட்டுப் பேர் வந்தும் அசையாமல் போக, மேடைக்கு அடியில் இரும்பு உத்தரம் கொடுத்து அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கிளப்பில் யாரும் இல்லாதபோது, இஞ்ஞாசி தனியாகப் போய் வாசித்துக்கொண்டே தானும் பேசிப் பார்த்தான். வார்த்தைகள் மரத்தில் மோதித் திரும்பி வந்து அவன் மடியிலேயே விழுந்தன. வாசிக்கிறவனுக்கு இறக்கி வைக்க இடமில்லை.

அவனுக்கும் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அவன் மகள் ஜெனிட்டாவுக்கு, பத்தொன்பது வயது, காய்ச்சல் அனலாக அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்றாள் தெக்லா, அவன் மனைவி. "மாத்திரை கொடுத்திருக்குல்லா, வாசிச்சு முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான் இஞ்ஞாசி. வாசித்து முடித்துவிட்டு வந்தான். கூட்டிக்கொண்டும் போனான். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கின வாக்கியம் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு தெக்லா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஜெனிட்டா செத்துக் கிடந்தாள். ஆனால் ஆளுக்கொரு பக்கமிருந்து அவளை நினைத்துக்கொண்டிருந்தார்கள், அதுவே ஒரு குடும்பம் மாதிரி இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில் தெக்லா மீன் அரிந்துகொண்டே சொன்னாள்:

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் கிளப்புக்கு வாரேன்."

இஞ்ஞாசி ஷேவிங் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"எதுக்கு?"

"ஊர்ல எல்லாரும் எதுக்கு வாராவளோ, அதுக்கு."

"தெக்லா, வேண்டாம்."

"மூணு வருசமா நான் உறங்கல. உங்களுக்குத் தெரியுமா? நீங்க குறட்டை விடுவீய. நான் ஓட்டை எண்ணிட்டுக் கிடப்பேன். நூத்திப்பன்னெண்டு ஓடு."

"அவளைச் சொல்லிராத. நீ சொல்லிட்டேன்னா அவ முழுசாப் போயிருவா. மரியபுஷ்பத்தைப் பாத்தேல்ல? பொறவு இந்த உலகத்துல அவளைத் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன்தான் இருப்பேன். நான் செத்துட்டா அவ பிறக்கவே இல்லைன்னு ஆயிரும்." இவ்வளவு நீளமாக அவன் வீட்டில் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முகத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது.

தெக்லா செதிலைச் சுரண்டினாள். "என்ன பேசணும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் சனிக்கிழமை சாயங்காலம் மொராயிஸ் வீட்டுக்குப் போய், விரலில் அடிபட்டுவிட்டது, இந்த வாரம் வரவில்லை என்றான்.

"காட்டு."

இஞ்ஞாசி கையை நீட்டினான். மொராயிஸ் பார்த்தார். விரல் நன்றாகத்தான் இருந்தது.

"வீட்டுக்காரி வாராளா?"

"ஆமா."

மொராயிஸ் தன் ட்ரம்பெட்டின் வாயைத் துடைத்தார். "என் பெண்டாட்டி ரெண்டாவது வாரமே வந்து பேசிட்டுப் போயிட்டா. என்ன பேசுனா, எதை மறந்தான்னு நானும் வீடு முழுக்கத் தேடிப் பாக்கேன், கண்டுபிடிக்க முடியல. நீ வாசிக்காட்டாலும் அவ அடுத்த வாரம் வருவா, அதுக்கடுத்த வாரம் வருவா. போ, கொரேரா. போய் உறங்கு."

இஞ்ஞாசி உறங்கவில்லை. ஓடுகளை எண்ணிப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் தெக்லா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். விடியும்போது அவனுக்கு வழி தெரிந்தது: வாசிக்க வேண்டியது, அவள் வாயிலிருந்து ஜெனிட்டா என்ற பேர் வந்த அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டியது. சத்தம் நின்றால் எதுவும் உள்ளே போகாது. ஊர் கல்லெறிந்தால் எறியட்டும்.

ஞாயிறு ஐந்தரைக்குத் தெக்லா பெரிய வியாழனுக்குக் கட்டுகிற வெளிர்நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தாள். மொராயிஸ் ஊதினார், யாரும் கேட்கவில்லை. சாக்ஸபோன் முடிந்தது. பியானோ முடிந்தது. காதர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவாப் போங்க வே" என்றான், அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியாது. இஞ்ஞாசி முதல் தந்தியைச் சுண்டினான்.

இருநூறு வாய்களும் திறந்துகொண்டன. ஒரு தகப்பன் வந்தான், ஒரு ஓடிப்போன அக்காள் வந்தாள், நஞ்சு குடித்த ஒரு மாணவி, பேர் வைக்குமுன் போன இரட்டைக் குழந்தைகள், வெட்டுப்பட்ட ஒரு சிநேகிதன் வந்தான். எல்லோரும் அவன் விலா எலும்பைத் தட்டிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களை விலக்கி விலக்கி ஒரே ஒரு குரலைத் தேடினான், திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் தேடுகிற மாதிரி. வலது கை தந்தியை விட்டு எடுத்துவிடத் தயாராக, நகக்கண்ணில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குரல் கிடைத்தது.

"இஞ்ஞாசி" என்றாள் தெக்லா. "என் வீட்டுக்காரர்."

அவன் விரல் தந்தியில் நடந்துகொண்டிருந்தது.

"பிள்ளைக்குக் கொதிக்குதுன்னு சொன்னேன். வாசிச்சிட்டு வாரேன்னாரு. வாசல்லயே நின்னேன். வேன் வந்துச்சு. வந்து மொதல்ல அந்த வாத்தியத்தைத்தான் இறக்குனாரு. ஈரம் படக்கூடாதுன்னு துணி போட்டு மூடுனாரு. பொறவுதான் உள்ள வந்தாரு. அவரு சோறு திங்கும்போது தொண்டை ஏறி இறங்குறதைப் பாத்தா எனக்குத் தட்டைத் தூக்கி எறியணும் போல இருக்கும். நல்ல மனுசன். அடிச்சதில்ல, குடிச்சதில்ல. பிள்ளையை நினைக்கலாம்னு உக்காந்தா இவரு முன்னால வந்து நின்னுக்கிடுதாரு. அவ முகம் தெரியல. மூணு வருசமா மறைச்சுக்கிட்டு நிக்காரு."

மகள் பேரை அவள் சொல்லவே இல்லை. பாயில் உறங்குகிற பிள்ளையை மிதிக்காமல் சுற்றிப் போகிற மாதிரி, அந்தப் பேரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

இன்னும் பாதிக்கு மேல் சோலோ பாக்கி இருந்தது. கையை எடுத்தால் போதும். துணி போட்டு மூடினது உண்மைதானா என்று அவன் யோசித்தான். உண்மைதான், மஞ்சள் போர்வை, அதன் ஒரு முனையை வாத்தியத்துக்கு அடியில்கூடச் செருகினான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இருபத்தாறு வருஷம் அவளோடு வாழ்ந்தது அவன் கையின் கீழ் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் சேலைத் தலைப்பில் இருந்த மைக்கறை, பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் ஒரே தம்ளரில் குடித்த காப்பி, எல்லாம் அவளிடமிருந்து கிளம்பி அவன் மார்பை நோக்கி வந்துகொண்டிருந்தன.

இஞ்ஞாசி கையை எடுக்கவில்லை. அவள் மூச்சு வாங்கின இடத்தில் கொஞ்சம் தாமதித்து, மறுபடி பேசத் தொடங்கின இடத்தில் தானும் தொடங்கி, எந்த வார்த்தையும் பாதியில் நின்றுவிடாதபடி, தன் ஆயுளில் வாசித்ததிலேயே சுத்தமாக அந்தக் கால் மணி நேரத்தையும் கடைசி நோட் வரைக்கும் வாசித்து முடித்தான். பாஸ் ஊன்றி நிற்கிற அடிக்குச்சி மேடைப் பலகைக்குள் ஒரு விரற்கடை இறங்கியது.

பாட்டு முடிந்து விளக்குப் போட்டதும் தெக்லா எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேடைப் பக்கம் பொதுவாக ஒருமுறை பார்த்தாள். ஆட்டோ பிடிக்கப் போனாள்.

அன்றிலிருந்து இஞ்ஞாசி காதர் வீட்டு முன்னறையில் படுத்தான். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படி எத்தனையோ பேர் எத்தனையோ வீட்டு முன்னறைகளில் படுத்திருந்தார்கள். புதன்கிழமை ஹார்பர் வாசலில் லோடுமேன் ஒருவன் இஞ்ஞாசியின் பச்சைக்கோடு சட்டையைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். "கோயில்ல ஏழைகளுக்குன்னு ஒரு அம்மா கொண்டாந்து குடுத்துச்சு அண்ணாச்சி, எல்லாம் நல்ல சட்டை" என்றான். கழுத்துப்பட்டைதான் கொஞ்சம் இறுக்கமாம்.

அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கே, கூட்டம் வருவதற்கு முன்னால், இஞ்ஞாசி தந்தியைச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தபோது தெக்லா உள்ளே வந்தாள். நன்றாக உறங்கின முகம். மேடைப் படியருகே வந்து, அந்நிய ஆண்பிள்ளைக்கு விடுகிற தூரம் விட்டு நின்றாள்.

"நீங்கதான் சார் இதை வாசிக்கிறவரா?"

"ஆமா."

"போன வாரம் வந்தேன். என்ன பேசுனேனோ தெரியல. எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காவ, ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவளேன்னு இருந்துச்சு. அதான், கேட்டுட்டுப் போவோம்னு இன்னைக்கு முன்னாடியே வந்தேன்."

"உக்காருங்க" என்றான் இஞ்ஞாசி.

படியில் உட்கார்ந்தாள். அவன் தடித்த தந்தியை மெல்லச் சுண்டி, காதுக்குக் கொண்டு போய், மறுபடி சுண்டினான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு மவ இருந்தா சார். ஜெனிட்டான்னு பேரு. செத்துப் போயிட்டா" என்றாள். குரலில் கனம் இல்லை. பேச ஆசைப்பட்டு வந்தவள் குரல். "கைப்பிள்ளையா இருக்கும்போது தொட்டில்ல போட்டா உறங்க மாட்டா. சுவத்தை ஒட்டிப் படுக்க வைக்கணும். சுவத்துல காதை வச்சுக்கிடுவா. அந்தப் பக்கம் யாரோ இதே மாதிரி, டும், டும்னு வாசிச்சுட்டு இருப்பாவ. அதைக் கேட்டுக்கிட்டே கண்ணு சொருகும். சத்தம் நின்னா முழிச்சுருவா. வளந்த பொறவும் அப்பிடித்தான், யாருகிட்டயும் சொல்லக்கூடாதும்மா, என் வயசுக்கு அசிங்கம்னு சிரிப்பா. இப்ப உக்காந்து யோசிக்கேன், யோசிக்கேன், அது யாருன்னு பிடிபடல."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளறையில் தனியாக உட்கார்ந்து வாசித்த பத்தொன்பது வருஷத்தில், அந்தச் சுவருக்கு மறுபக்கம் ஒரு காது இருந்தது இஞ்ஞாசிக்குத் தெரியாது.

"பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும்" என்றான்.

"இருக்கும்" என்றாள் தெக்லா. "யாரோ நல்ல மனுசன். பிள்ளை உறங்குற வரைக்கும் நிறுத்தவே மாட்டாரு."